நிழற்படமும் வசன கவிதையும்

இயற்கையின் நிழற்படம் ஒன்றைக் கண்முன் வைத்து வசன கவிதை எழுதுவதை யாப்பறியாதார் கண்ட குறுக்கு வழி என்று கடிந்துரைப்பார் நம்மிடையே உளர். அவ்வாறு ஒதுக்குதல் தகுமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

உரையும் பாட்டும் கலப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலிலேயே உரைநடைக்கு இடமளித்து அதனை நால்வகைப்படுத்தினார். சிலப்பதிகாரம் 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்றே பெயர் பெற்றது. ஆயினும் உரையே கவிதையாகி நிற்கும் வடிவத்தை நமக்குத் தந்தவர் பாரதியார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் 'புல்லின் இதழ்கள்' நூலால் தொடங்கிய புதுநெறியை அவர் அறிந்திருந்தார். விட்மனைப் பற்றித் தமிழில் எழுதியும் இருக்கிறார். ஞாயிறும் காற்றும் கடலும் அவருடைய வசன கவிதையின் பொருள்களாயின. காற்றில் ஆடிய இரு கயிறுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை எனப் பெயரிட்டு அவற்றைப் பேசவைத்தார். கண்ட காட்சியே கவிதையாயிற்று.

அவருக்குப் பின் ந. பிச்சமூர்த்தி 1934இல் 'மணிக்கொடி'யில் 'காதல்' கவிதையால் அவ்வழியைத் தொடர்ந்தார். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' ஏடு அதனை ஓர் இயக்கமாக்கியது.

நிழற்படக்கலை 1839இல் உலகறிய வெளிப்பட்டது. அதனை இயற்கையின்பால் திருப்பிய தமிழருள் இருவர் கன்னட நாட்டோடும் தொடர்புடையவர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். கருப்பு வெள்ளைப் படங்களாலேயே காட்டு விலங்குகளைக் காட்டியவர். எழுத்தும் படமும் அவரிடம் ஒரு கண்ணின் இரு பார்வைகளாயின. மற்றவர் 1932இல் தஞ்சையில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 2017இல் மறைந்த டி. என். ஏ. பெருமாள். கானுயிர்ப் படக்கலையில் உலகப் புகழ் எய்தியவர்.

இனிப் படத்திலிருந்து கவிதை பிறக்கும் முறையை நோக்குவோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். புள்ளும் மரமும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்பது நம் மரபு. நிழற்படத்தில் முதலும் கருவும் தாமே அமைந்துவிடுகின்றன. உரிப்பொருளோ அதில் இல்லை. காண்பவன் நெஞ்சிலிருந்தே அது வரவேண்டும். ஆகவே இப்பயிற்சி பழைய திணை நெறிக்கு அயலானதன்று.

நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. அலசூர் ஏரியில் எடுத்த படத்தைப் பார்த்து நம் மகள் எழுத அமர்ந்தாள். பாறைமேல் சிறகு விரித்து நின்றது ஒரு கரிய பறவை. "அப்பா, இது பள்ளியில் 'நீருகாகெ'. தமிழில் என்ன?" என்றாள். இருபதாண்டுகளாகக் கோப்புகளில் ஆங்கிலமே எழுதிப் பழகிய நாம் சற்றே திகைத்தோம். பிறகுதான் 'நீர்க்காகம்' என்னும் சொல் நினைவில் எழுந்தது. "இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறதே!" என்று வியந்தவள், நனைந்த சிறகை உலர்த்தும் அப்பறவையை ஊர்விட்டு வந்த தன் பாட்டியாக்கி ஐந்து வரிகள் எழுதினாள். அவற்றில் சீரும் தளையும் இல்லை, உரிப்பொருள் இருந்தது.

யாப்பைப் பின்னர்க் கற்கலாம். கருப்பொருளின் பெயரை மறந்த குடும்பத்தில் யாப்பு எதனைத் தாங்கும்? வாசலிலே நிற்கும் மரத்தை ஒரு படம் எடுங்கள். அதன் தமிழ்ப்பெயரை நும் மக்களிடம் கேளுங்கள். அவர்கள் அறியாராயின், அது நம் குறையே அன்றோ!