முதுநகர்ப் பகுதியின் பீரங்கிக் குண்டுகளும் பித்தளை உறைகளும்: அடையாளம் காண்பதில் சில சிக்கல்கள்

கடலூர்ப் பகுதியில் ‘குண்டு’ என்னும் சொல் போர்க்கருவியோடு நிலத்தின் எல்லையையும் குறித்து வந்துள்ளது. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து சுடும் குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் பீரங்கியை எல்லாத் திசைகளிலும் சுட்டு எல்லை வகுத்தனர். அதற்குட்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

வழக்கில் வளமான இச்சொல் ஆய்வில் இடர் தருகிறது. திண்ணிய இரும்பு உருண்டை, மருந்தடைத்த உட்குடைவான எறிகணை, சுட்டபின் எஞ்சும் பித்தளை உறை ஆகிய மூன்றும் ‘பழைய குண்டு’ என்றே பதியப்படுகின்றன. இவற்றுள் எழுத்துப் பொறிப்பை நம்பி ஆராயத்தக்கது பித்தளை உறை ஒன்றே. அதன் அடிப்புறத்தில் பீரங்கியின் வகை, தொகுதி எண், தொழிற்சாலையின் பெயர் அல்லது குறி, ஆண்டு ஆகியவை பொறிக்கப்பெறும். முதல் உலகப்போர்க் கால ஜெர்மானிய உறைகளில் ‘போல்ட்டே, மாக்டபுர்க்’ என்பது போன்ற ஆலைப்பெயரும் மாதமும் ஆண்டும் காணப்படும். பிரிட்டிஷ் உறைகளில் உள்ள ‘சி.எஃப்.’ என்ற எழுத்துகள் கார்டைட் மருந்து முழு அளவில் இடப்பட்டதைக் குறிக்கும். பொறிக்கப்பட்ட ஆண்டு உறை செய்யப்பட்ட ஆண்டேயன்றிச் சுடப்பட்ட ஆண்டன்று. மேலும் உறை சுட்டவரிடமே தங்கிவிடும். இலக்கில் விழுவது எறிகணை மட்டுமே. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் தன் 10.5 செ.மீ. பீரங்கிகளால் சென்னையைத் தாக்கியபோது நகருக்குள் வந்தவை எறிகணைகளே. அவற்றின் உறைகள் கப்பலிலேயே எஞ்சின. ஆகவே ஒரு வீட்டில் உள்ள பித்தளை உறையை ‘எம்டன் போட்ட குண்டு’ என்று காட்டினால், பொறிப்பைப் படிக்கும் முன்பே ஐயுறலாம்.

கடலூரின் பெரும்போர்கள் இத்தகைய உறைகள் தோன்றுவதற்கு முற்பட்டவை. 1758 ஜூனில் லாலி கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார்; 1783 ஜூனில் புஸ்ஸி காத்த நகரை ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். அக்காலத்துப் பீரங்கிகளில் முத்திரை உண்டு. அவை உமிழ்ந்த உருண்டைகளிலோ பெரும்பாலும் எழுத்தில்லை. எனவே எடையும் விட்டமுமே சான்றாகின்றன. ஆங்கிலப் பவுண்டு ஏறத்தாழ 453.6 கிராம்; பிரெஞ்சு லிவ்ர் 489.5 கிராம். இதனால் 12 பவுண்டுக் குண்டு ஆங்கிலேயருடையதாயின் 5.44 கிலோவும், பிரெஞ்சுக்காரருடையதாயின் 5.87 கிலோவும் இருக்கவேண்டும். இங்கே ஒரு பொறி உள்ளது. உப்புமண்ணில் நெடுநாள் கிடந்த வார்ப்பிரும்பு உருவம் சிதையாமலே எடையை இழக்கும். அவ்வாறு 5.5 கிலோவாகக் குறைந்த பிரெஞ்சுக் குண்டு, தராசில் ஆங்கிலக் குண்டாகத் தோன்றும். மேற்பரப்பு உரியாத இடத்து, முறையே ஏறத்தாழ 11.2, 11.8 செ.மீ. என்னும் விட்டமே நம்பத்தக்க அளவாகும். எடையை மட்டும் கொண்டு செய்த பழைய பகுப்புகளை மீளச் சரிபார்க்க இதுவே போதிய காரணம்.

எழுத்தில்லாத உருண்டையிலும் வேறொரு பொறிப்பு உண்டு. வார்ப்புக் குண்டில் அச்சின் இரு பாதிகள் பொருந்திய கோடும், உலோகம் ஊற்றிய வாயின் தழும்பும் தெரியும். உள்நாட்டுக் கொல்லர் தேனிரும்பை அடித்து உருட்டிய குண்டில் சம்மட்டி பட்ட சிறு தட்டைமுகங்கள் இருக்கும். உருட்சியும் செம்மையாக இராது. 1781 ஜூனில் ஹைதர் அலியின் படை காத்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய அயர் கூட் முறியடிக்கப்பட்டார். அச்சூழலில் கிடைக்கும் அடித்த குண்டை மைசூர்ப் படையோடு தொடர்புபடுத்த இடமுண்டு. முதுநகரில் அவ்வாறு துணிதல் அரிது. 1782 முதல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் அங்கு ஒரே அணியில் நின்றன. கைப்பற்றிய பீரங்கிகளையும் குண்டுகளையும் எத்தரப்பும் தயங்காமல் பயன்படுத்தியது. குண்டு எவர் செய்தது என்பதற்கு அதன் உடல் விடை தரலாம். எவர் சுட்டது என்பதற்கு அது எந்த மதிலின் எப்பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற பதிவு வேண்டும்.