ஒபாமாகேர்: முற்போக்கு வானொலிகள் கேட்டது என்ன, காப்பீட்டு நிறுவனங்கள் பெற்றது என்ன?

புது வேலைக்கான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால் நீங்கள் முதலில் பார்ப்பது சி.டி.சி. எவ்வளவு என்பதைத்தான். குரூப் இன்சூரன்ஸ் பற்றிய வரி எங்கோ கடைசியில் இருக்கும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள், அவர் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார். அங்கே வேலை போனால் சம்பளத்தோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். முழு பிரீமியத்தையும் சொந்தக் கையிலிருந்து கட்டினால் சில மாதங்கள் நீட்டிக்கலாம். வேலை இல்லாத நேரத்தில் அது எத்தனை பேரால் முடியும்?

இந்த நிலையை மாற்ற பராக் ஒபாமா அரசு 2010இல் கொண்டுவந்த சட்டம்தான் 'ஒபாமாகேர்'. அதை வலதுசாரிகள் எதிர்த்தது எல்லோருக்கும் தெரியும். ஒபாமாவை ஆதரித்த முற்போக்கு வானொலிகளே அதன் மீது கோபமாக இருந்தது அவ்வளவாகத் தெரியாது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் லாபம் பார்க்கும் ஒரு கம்பெனி எதற்கு என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

டாக் ரேடியோ என்றால் என்ன?

நம் ஊர் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதனால் ரேடியோ என்றாலே நமக்குப் பாட்டும் ஆர்ஜே கலாட்டாவும்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒரு தொகுப்பாளர் தினமும் மூன்று மணி நேரம் அரசியல் பேசுவார். நேயர்கள் போன் போட்டுச் சண்டை போடுவார்கள்.

சர்ச்சைக்குரிய விஷயங்களில் எல்லாத் தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி அங்கே 1949 முதல் இருந்தது. 1987இல் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பாவின் வலதுசாரி நிகழ்ச்சி நாடு முழுவதும் போகத் தொடங்கியது. 2007இல் வந்த ஓர் ஆய்வு, ஐந்து பெரிய நிறுவனங்களின் 257 நிலையங்களை எடுத்துப் பார்த்தது. வார நாட்களின் அரசியல் பேச்சில் 91 சதவீதம் வலதுசாரிகளுடையது, 9 சதவீதம் மட்டுமே முற்போக்காளர்களுடையது.

அந்த 9 சதவீதத்துக்குள் இருந்தவர்கள் சிலர். 2004 மார்ச்சில் தொடங்கிய 'ஏர் அமெரிக்கா'வில் நகைச்சுவையாளர் அல் ஃபிராங்கென் பேசினார், ரேச்சல் மேடோ அறிமுகமானார். நார்த் டகோட்டாவில் இருந்து எட் ஷுல்ட்ஸ் வந்தார். தாம் ஹார்ட்மன் நிகழ்ச்சியில் வெள்ளிக்கிழமைதோறும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

காப்பீடு ஏன் வேலையோடு கட்டிப் போடப்பட்டது?

இதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். 1942இல் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆட்களைப் பிடிக்க முடியாத கம்பெனிகள், சம்பளத்துக்குப் பதில் காப்பீடு தருகிறோம் என்றன. பின்னாளில் அதற்கு வரிச் சலுகையும் உறுதியானது. 1965இல் முதியவர்களுக்கு 'மெடிகேர்', ஏழைகளுக்கு 'மெடிகெய்டு' என்ற அரசுத் திட்டங்கள் வந்தன. மீதிப் பேர் பெரும்பாலும் தனியார் கையில்.

வேலை வழியாகக் காப்பீடு கிடைக்காதவர் தனியாக வாங்கப் போனால், ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறது, புற்றுநோய் வந்து போயிருக்கிறது என்று கம்பெனி மறுக்கலாம். 2008இல் காப்பீடே இல்லாதவர்கள் சுமார் 4.6 கோடி.

மேசையில் என்னென்ன வழிகள் இருந்தன?

முதலாவது 'சிங்கிள் பேயர்'. மருத்துவமனை தனியாராகவே இருக்கலாம், ஆனால் பில்லைக் கட்டுவது அரசு மட்டும். காப்பீட்டு கம்பெனிக்கு அநேகமாக வேலையே இல்லை. ஹார்ட்மனும் சாண்டர்ஸும் விரும்பியது இதைத்தான்.

இரண்டாவது 'பப்ளிக் ஆப்ஷன்'. தனியார் கம்பெனிகள் இருக்கட்டும், பக்கத்திலேயே அரசும் ஒரு காப்பீட்டை விற்கட்டும். போட்டி வந்தால் பிரீமியம் தானாக இறங்கும் என்பது கணக்கு.

மூன்றாவது, எல்லோரும் காப்பீடு வாங்கியாக வேண்டும், முடியாதவர்களுக்கு அரசு மானியம் தரும், விற்பது மட்டும் தனியார். 2006இல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி செய்தது இதுதான்.

நிறுவனங்கள் என்ன செய்தன?

1993-94இல் கிளின்டன் கொண்டுவந்த திட்டத்தை, சமையலறை மேசையில் பில்லைப் பார்த்துக் கவலைப்படும் ஒரு தம்பதியை வைத்து டிவி விளம்பரம் எடுத்தே காப்பீட்டுத் துறை கலங்கடித்தது. இந்த முறை ஒபாமா அரசு அவர்களை முதலிலேயே கூப்பிட்டு உட்கார வைத்தது. மருந்து நிறுவனங்களின் சங்கம் பத்து ஆண்டுகளில் 8,000 கோடி டாலர் செலவைக் குறைத்துத் தருவதாக 2009 ஜூனில் ஒப்புக்கொண்டது. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் வெளியில் சீர்திருத்தம் வேண்டும் என்றது. அதே ஆண்டு, சட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த அமெரிக்க வர்த்தக சபைக்கு 8.6 கோடி டாலர் கொடுத்தது. அது வெளியே தெரிந்தபோது சட்டமே வந்துவிட்டிருந்தது.

சிங்கிள் பேயருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. 2009 மே மாதம் செனட் நிதிக் குழு விசாரணையில், எங்கள் தரப்பையும் கேளுங்கள் என்று எழுந்து நின்ற எட்டுப் பேர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள். அடுத்த மாதம், சிக்னா நிறுவனத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்து விலகிய வெண்டெல் பாட்டர், நோயாளிகளைக் கழித்துவிட்டுத் துறை எப்படி லாபம் பார்க்கிறது என்று செனட்டிலேயே சாட்சி சொன்னார்.

பப்ளிக் ஆப்ஷன் எப்படிக் கழன்றது?

2009 நவம்பர் 7 அன்று பிரதிநிதிகள் சபை பப்ளிக் ஆப்ஷனோடு சேர்த்தே மசோதாவை 220-215 என்று நிறைவேற்றியது. செனட்டில் எதிர்ப்பைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். இருந்ததும் சரியாக 60. அந்த அறுபதில் ஒருவர், ரேடியோவை விட்டு அரசியலுக்கு வந்து செனட்டர் ஆகியிருந்த அல் ஃபிராங்கென். இன்னொருவர், காப்பீட்டு நிறுவனங்கள் நிறைந்த கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜோ லீபர்மேன். பப்ளிக் ஆப்ஷன் இருந்தால் என் ஓட்டு கிடையாது என்றார் லீபர்மேன். அது எடுக்கப்பட்டது. டிசம்பர் 24 அன்று 60-39 என்று மசோதா நிறைவேறியது.

முற்போக்காளர்கள் இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான். டாக்டரும் வெர்மான்ட் முன்னாள் ஆளுநருமான ஹோவர்ட் டீன், செனட் மசோதாவைத் தூக்கிப் போடுங்கள் என்று ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். கிடைத்ததை வாங்கிக்கொள், மீதிக்குப் பிறகு சண்டை போடு என்றது இன்னொரு தரப்பு.

2010 ஜனவரி 19இல் மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் தோற்று, ஜனநாயகக் கட்சி தன் அறுபதாவது ஓட்டை இழந்தது. இரண்டு நாள் கழித்து ஏர் அமெரிக்காவும் பணமில்லாமல் மூடப்பட்டது. சிங்கிள் பேயர் ஆதரவாளரான டென்னிஸ் குசினிச் நவம்பரில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர். மார்ச்சில் அவரும் மனம் மாறினார். செனட் மசோதா 219-212 என்று தப்பியது, மார்ச் 23 அன்று சட்டமானது.

கடைசியில் யாருக்கு என்ன கிடைத்தது?

மக்களுக்கு: பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். காப்பீடு இல்லாதவர்கள் 2023இல் சுமார் 2.6 கோடியாகக் குறைந்தார்கள். டீன் சொன்னபடி தூக்கிப் போட்டிருந்தால் இது எதுவும் கிடைத்திருக்காது.

நிறுவனங்களுக்கு: அரசு மானியத்தோடு வரும் புது வாடிக்கையாளர்கள், எதிரே அரசுப் போட்டியாளர் இல்லை. ஒரு கடிவாளமும் உண்டு. பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தை, பெரிய கம்பெனி ஊழியர்களுக்கான குரூப் பாலிசி என்றால் 85 சதவீதத்தை, சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவிட வேண்டும். இல்லையென்றால் மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் வானொலிகள் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. உங்கள் நண்பரின் காப்பீடு இன்றும் அவருடைய வேலையோடுதான் கட்டிக் கிடக்கிறது.

இதில் நமக்கு என்ன?

அமெரிக்காவில் அந்தச் சண்டை நடந்த அதே 2009இல்தான் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. பிரீமியம் கட்டியது அரசு, திட்டத்தை நடத்தியது ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். 2018இல் வந்த மத்திய அரசின் ஐந்து லட்சம் ரூபாய் திட்டத்தில், காப்பீட்டு நிறுவனம் வழியாகவா அல்லது அரசே அமைக்கும் டிரஸ்ட் வழியாகவா என்பதை மாநிலங்கள் முடிவு செய்கின்றன. அதாவது, அதே கேள்வி இங்கேயும் உயிரோடு இருக்கிறது.

எந்த மருத்துவத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும், எத்தனை லட்சம் கவரேஜ் என்பதோடு நிறுத்தாதீர்கள். பிரீமியம் யார் பணம், கிளைமை மறுக்கும் அதிகாரம் யாரிடம், மறுத்தால் மிச்சமாகும் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். உங்கள் ஆபீஸ் ஹெச்.ஆர். அனுப்பும் பாலிசிக்கும் இதே மூன்று கேள்விகள்தான்.