உப்புக் காற்றில் ஒலிக்கருவிகள்: யாழ்ப்பாணத் தீவகத்தில் இலத்திரனியல் திருத்தத்தின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பரந்து கிடக்கும் தீவகத்தில் ஒலிக்கருவிகளின் வரலாற்றை மின்சாரத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது. வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்த பெருந்தீவும், வாணர் பாலத்தின் வழியே அதனோடு இணைந்த புங்குடுதீவும் தரைவழியே பெருநிலத்தைத் தொட்டிருக்க, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவை இன்றும் படகையே நம்பியுள்ளன. கோயில் திருவிழாவுக்கான ஒலிபெருக்கியும் தேவாலயப் பாடகர் குழுவின் கிற்றாரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறித்தான் நெடுந்தீவை அடைய வேண்டும். பழுதுபட்டால் அதே வழியில் திரும்ப வேண்டும். இத்தகைய நிலத்தில் ஒரு கருவியைத் திருத்துதல் என்பது, அந்தக் கருவிக்கு வரும் மின்சாரத்தைத் திருத்துவதாகவே ஒவ்வொரு காலத்திலும் தொடங்கியிருக்கிறது. வால்வுக் காலத்துக்கும் இக்காலத்தின் இலக்கமுறைக் கருவிகளுக்கும் இடையில் அறுபடாமல் ஓடும் இழை இதுவே.

ஒலிபெருக்கி வருவதற்கு முன் தீவகத்தின் பொது இசை, மின்சாரம் இல்லாமலே ஊரை நிறைக்கும் வலிமை பெற்றிருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மகோற்சவத்தில் நாதஸ்வரமும் தவிலும், தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன் போன்ற கத்தோலிக்க மக்கள் வாழும் ஊர்களில் கூத்தும், திறந்த வெளியின் பெருங்கூட்டத்துக்கு உருக்கொண்ட கலைகள். ஒலிபெருக்கி இக்கலைகளை உண்டாக்கவில்லை. கூட்டம் நிற்கும் எல்லையை மட்டும் அது விரித்தது.

பனையிலும் தென்னையிலும் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கியின் பின்னால் நின்ற முதற் கருவி வால்வு விரியலாக்கி. விரியலாக்கி என்பது சிறிய மின்சைகையைப் பெருக்கித் தரும் சாதனம். வால்வு என்பது வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க்குள் சூடேற்றப்பட்ட இழையிலிருந்து புறப்படும் இலத்திரன்களைக் கட்டுப்படுத்தும் உறுப்பு. அது இயங்கப் பல நூறு வோல்ற்று அழுத்தம் வேண்டும். மின்கம்பி எட்டாத ஊர்களில் மோட்டார் வண்டியின் 6 அல்லது 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து அந்த அழுத்தத்தைப் பெற, அதிரி எனத்தக்க ஒரு சிறு உறுப்புப் பயன்பட்டது. அதனுள் ஓர் உலோக நாக்கு துடித்துத் துடித்து நேரோட்டத்தை வெட்ட, வெட்டுண்ட ஓட்டத்தை நிலைமாற்றி, அதாவது மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல இரட்டைச் சுருள், உயர்த்திக் கொடுத்தது. நாக்கின் தொடுமுனைகள் தீப்பொறியால் கருகுவது இக்கருவியின் இயல்பான நோய். கருகிய முனையை அரம் கொண்டு மெல்லத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஊருக்கு இன்றியமையாதவராக இருந்தார்.

அக்காலத் திருத்துநர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விதி, ஒலிபெருக்கியைப் பிணைக்காமல் வால்வு விரியலாக்கியை உரத்து இயக்கக்கூடாது என்பது. சுமை இல்லாத நிலையில் வெளியீட்டு நிலைமாற்றியில் அழுத்தம் ஏறி, சுருளின் காப்பு துளைபட்டுவிடும். கூம்புகளைத் தொடுப்பதிலும் கணக்கு இருந்தது. 16 ஓம் தடையுள்ள இரண்டு கூம்புகளைச் சமாந்தரமாக இணைத்தால் 8 ஓம், நான்கை இணைத்தால் 4 ஓம் என்று சுமை மாறும். விரியலாக்கியின் பின்புற முனை அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும். பள்ளிக்கூடப் பௌதிகத்தை வீதியோரத்தில் நாள்தோறும் செய்துபார்த்த இத்தொழிலாளரின் அறிவு, கைவினை அறிவாகக்கூட எங்கும் முறையாகப் பதிவு பெறாமற் போனது பெரிய இழப்பு.

மின்பிறப்பாக்கி வந்தபோது வசதியோடு புதிய சிக்கலும் வந்தது. 50 ஏற்சு ஆடலோட்டம், அதாவது நொடிக்கு 50 முறை திசை மாறி மீளும் மின்னோட்டம், தர வேண்டிய இருமுனை மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழல வேண்டும். பந்தலில் விளக்குகள் கூடினால் பொறி தளரும். பொறி தளர்ந்தால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் சேர்ந்து தாழும். ஆடலோட்ட மோட்டரால் சுழலும் இசைத்தட்டு அப்போது மெதுவாகிப் பாடகரின் சுருதியே இறங்கிவிடும். கேட்பவர் தட்டையோ ஊசியையோ குறைசொல்லும் இடத்தில், பழகிய கை முதலில் மின்பிறப்பாக்கியின் எரிபொருட் கட்டுப்பாட்டைத் தேடிச் செல்லும்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்ட திரான்சிற்றர், சில வோல்ற்றுகளிலேயே இயங்கக்கூடியது. மின்கம்பி இல்லாத தீவுக்கு அதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பைச் சொல்வது கடினம். உலர் பற்றரியில் பாடும் சிறிய வானொலி, 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்ற கொழும்பு நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பையும், கடலுக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த ஒலிபரப்பையும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் திருத்துநரின் பழக்கம் தலைகீழாக வேண்டியிருந்தது. வால்வு விரியலாக்கி திறந்த சுற்றுக்கு அஞ்சியது; திரான்சிற்றர் விரியலாக்கியோ குறுக்குச் சுற்றுக்கு, அதாவது இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடுவதற்கு, அஞ்சியது. உப்பில் காப்புரிந்த ஒரு கம்பியே அதன் வெளியீட்டுத் திரான்சிற்றர்களை நொடியில் எரிக்கப் போதுமானது.

திரான்சிற்றர் பரவிய ஆண்டுகளிலேயே கிற்றாரும் தமிழ் மேடைக்கு வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வழிபாட்டில் தாய்மொழிக்கும் உள்ளூர் இசைக்கும் இடம் பெருகியது; கிற்றார் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரால் புகழ்பெற்ற ஈழத்துப் பொப் இசை 1970களில் அந்த வாத்தியத்தை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் உதிரிப்பாகம் அரிதாயிருந்தது. பழைய கருவியின் உறுப்பைக் கழற்றிப் புதியதில் பொருத்தும் வழக்கம் அந்த நெருக்கடியில் வேரூன்றியது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை ஒலிநாடாக் கருவிகளையும் ஜப்பானிய விரியலாக்கிகளையும் தாராளமாக உள்ளே விட்டது.

அந்தத் தாராளம் நீடிக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கான மின்வழங்கல் நின்றது. எரிபொருளும் உலர் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களில் பெரும் பகுதியினர் வீடு, தோட்டம், வள்ளம் அனைத்தையும் விட்டுக் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். கைவிடப்பட்ட வீடுகளில் நின்ற வானொலிகளையும் ஆர்மோனியங்களையும் பற்றிக் கணக்கெடுத்தவர் எவருமில்லை.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தார் வானொலி கேட்ட முறை, இலத்திரனியல் திருத்த வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, சக்கரத்தில் உரசும் டைனமோவின் மின்சாரத்தில் பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் மக்கள் கேட்டனர். செய்கை எளிதாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு முழுமையான மின்வழங்கற் சுற்று அடங்கியிருந்தது. டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று, 3 வாற்று ஆடலோட்டம். வானொலி கேட்பதோ நேரோட்டம். எனவே ஒரு திசையில் மட்டும் ஓட்டத்தை விடும் இருவாயிகள் நான்கைப் பாலமாகப் பிணைத்துச் சீராக்கி அமைக்க வேண்டும். சீராக்கிய ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்கும் என்பதால், மின்னைத் தேக்கி மெல்ல விடும் கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே வைக்க வேண்டும். சுமையில்லாமல் சக்கரம் வேகங்கொண்டால் அழுத்தம் 6 வோல்ற்றைத் தாண்டி எகிறித் திரான்சிற்றர்களைக் கொல்லும். வண்டியின் விளக்கைச் சுற்றிலேயே விட்டுவைப்பதும், குறித்த அழுத்தத்துக்கு மேல் போகவிடாத சேனர் இருவாயியைப் பொருத்துவதும் அதற்கான காப்புகள். தீர்ந்த பற்றரிகளை வெயிலில் வைத்துச் சில மணி நேர உயிர் பெறுவதும், சிறிது பெற்றோலில் தொடக்கிய பொறியை மண்ணெண்ணெயில் ஓட்டுவதும் இதே காலத்தின் வழக்கங்கள். பொருளில்லாத இடத்தில் அறிவு எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு இக்காலத்தைவிட வலிய சான்று தமிழர் தொழில்நுட்ப வரலாற்றில் அரிது.

ஒரு வாத்தியத்தின் ஒலியை இலத்திரனியலால் போலச்செய்யும் முறை தமிழரின் இசை மேடைக்குக் கிற்றார் வழியாக வரவில்லை. சுருதிப்பெட்டி வழியாகவே முதலில் வந்தது. பெங்களூரில் புல்லாங்குழல் கலைஞரும் பொறியியலாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் உருவாக்கிய மின்னணுத் தம்புராவும் அதன் வழிவந்த கருவிகளும், தம்புராவின் நரம்பதிர்வையும் நாதஸ்வரக் குழுவில் ஒத்து தந்த ஆதார சுருதியையும் சிறு பெட்டிக்குள் கொண்டுவந்தன. ஒரு வாத்தியத்தின் ஒலியை இன்னொரு பொருளால் கட்டியெழுப்பும் இக்கருத்தே பின்னர் கிற்றார் உலகில் பெருவளர்ச்சி கண்டது. 1995இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட விஜி-8, ஒவ்வொரு தந்தியின் அதிர்வையும் தனித்தனியே எடுத்துக் கணிப்பின் மூலம் வேறு கிற்றார்களின் ஒலியாக மாற்றியது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பொட், பல வால்வு விரியலாக்கிகளின் குணத்தைக் கணிப்பாலேயே தந்தது. 2000களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் வேரியக்ஸ் கிற்றார், பாலத்தில் தந்திக்கொன்றாக அமைந்த அழுத்தமின் பளிங்குகளைக் கொண்டு, ஒரே கிற்றாரிலிருந்து பல கிற்றார்களின் குரலை எழுப்பியது.

இவ்வகைக் கருவி தீவகம் போன்ற கடலோரத்தில் பழுதுபடும் முறையைக் கவனித்தால் பழைய திருத்துநரின் வரிசை இன்னும் செல்லுபடியாவது தெரியும். முதற் கேள்வி மின்வழங்கல் பற்றியது. பெரும்பாலான கிற்றார் மிதிகள் நடுமுனை எதிராக அமைந்த 9 வோல்ற்று நேரோட்டத்தைக் கேட்கின்றன. பொட் போன்ற சில கருவிகள் 9 வோல்ற்று ஆடலோட்டத்தைக் கேட்கின்றன. அடாப்ரரின் முனை இரண்டிலும் பொருந்திவிடலாம். ஆடலோட்டம் நேரோட்டக் கருவிக்குள் சென்றால் மின்பகு கொள்ளளவிகளும் தொகுப்புச் சுற்றுகளும் எரியும். இரண்டாவது கேள்வி தொடுப்புகள் பற்றியது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடற்றிவலை சுமந்துவரும் உப்பு, செருகிகளில் கறலையும் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பையும் படியவைக்கிறது. ஒலிக்கட்டுப்பாட்டைத் திருகும்போது எழும் கரகரப்பும், ஒலி விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் இதன் விளைவுகள். தொடுமுனை துப்புரவுத் திரவமும் மென்தூரிகையும் தீர்க்கக்கூடிய இந்நோய்க்குக் கருவியையே தூக்கியெறிவது அறியாமை. மூன்றாவதாக, பற்றாசு பிடித்த இடங்கள் படகிலும் வண்டியிலும் குலுங்கி மயிரிழையாக வெடிக்கின்றன. உருப்பெருக்கி ஆடியால் பார்த்து மீண்டும் ஈயம் இளக்கினால் அவை சரியாகும். நினைவகத்தைக் காக்கும் நாணயப் பற்றரி தீர்ந்து, சேமித்த ஒலி அமைப்புகள் அழிவதும் உண்டு. பற்றரியை மாற்றுமுன் அவற்றைக் கணினியில் படியெடுத்து வைப்பது முறை.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் கருவி இயங்காதபோதுதான் மென்பொருளின் முறை வருகிறது. கருவியின் உள்ளே நிரந்தரமாகப் பதிந்திருக்கும் இயக்க மென்பொருளைக் கணினி வழியே புதுப்பிக்கலாம். புதுப்பித்தால் குறைகள் நீங்குவதோடு சில கருவிகளில் புதிய ஒலிகளும் சேரும். ஆனால் பதிவு நடக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டால், பாதி எழுதப்பட்ட நினைவகத்தோடு கருவி செயலற்றுப் போகும். அதிரியின் முனையைத் தேய்த்தவரும் டைனமோவுக்குச் சீராக்கி கட்டியவரும் எந்த இடரோடு போராடினார்களோ, அதே இடர் மென்பொருட் காலத்திலும் வேறு உருவில் காத்திருக்கிறது. கருவியையும் கணினியையும் பற்றரி ஆதரவுள்ள வழங்கலில் வைத்த பின்பே இப்பணியைத் தொடங்க வேண்டும் என்பது தீவகத்தில் ஆலோசனை மட்டுமன்று, கட்டாயம்.

மின்சாரத்தின் நிலை மாறிவருகிறது. 2013இல் யாழ்ப்பாணம் தேசிய மின்தொகுப்போடு மீண்டும் இணைந்தது. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகளுக்குச் சூரிய ஒளி, காற்று, பற்றரி ஆகியவற்றை இணைக்கும் கலப்பு மின்திட்டம் வகுக்கப்பட்டது. முதலில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட இத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டு, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமாக இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது.

வழங்கல் சீரடையும் இக்காலத்திலேயே பழைய அறிவைத் தொகுத்தாக வேண்டும். அதிரியைத் தேய்த்த கைகளும் டைனமோவுக்கு இருவாயி பிணைத்த கைகளும் முதுமையடைந்துவிட்டன. அவர்களில் பலர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற அமைப்புகள், நூல்களுக்குக் காட்டும் அக்கறையைத் திருத்துநரின் கையெழுத்துச் சுற்றுப்படங்களுக்கும், ஒலிபெருக்கிச் சேவைகளின் பற்றுச்சீட்டுகளுக்கும், தொழில் அறிந்தவர்களின் வாய்மொழிக்கும் காட்ட வேண்டும். வீட்டுப் பரணில் கறல் பிடித்துக் கிடக்கும் விரியலாக்கியைப் பழைய இரும்புக்கு விற்குமுன், அதைப் படமெடுத்து, அதை இயக்கியவரின் சொல்லையும் பதிந்துவைக்குமாறு தீவக மக்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கம்.