ஒரே வார்த்தைகள், வேறு ஞானஸ்நானம்

மார்மன்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லலாமா என்ற சர்ச்சைக்கு ஆளுக்கொரு பட்டியலுடன் வருகிறார்கள். பலதாரமணம் (1890லேயே கைவிடப்பட்டுவிட்டது), 1830ல் பால்மைராவில் அச்சான புதிய வேதம், இத்யாதி. இந்தப் பட்டியல்களில் எனக்கு அக்கறையில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது 2001 ஜூன் 5 தேதியிட்டு வத்திகான் தந்த பதில் ஒன்று. மார்மன் சபையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா என்பது கேள்வி. ‘இல்லை’ என்பதுதான் பதில் முழுவதும். கையெழுத்திட்டவர், பின்னால் போப் ஆன ராட்ஸிங்கர்.

இதில் கவனிக்க வேண்டியது, ரோம் இந்த விஷயத்தில் சரித்திரரீதியாகத் தாராளமானது. டோனாட்டிஸ்டுகளோடு மல்லுக்கு நின்ற அகஸ்டின் காலத்திலிருந்தே, கொடுப்பவன் யார் என்பது முக்கியமில்லை. தண்ணீரும் வார்த்தைகளும் சபையின் நோக்கமும் இருந்தால் போதும். 1439ல் ஃப்ளாரன்ஸ் சங்கம் அஞ்ஞானிகூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றது. புராட்டஸ்டண்டுகளின் ஞானஸ்நானத்தையும் ரோம் ஒப்புக்கொள்கிறது. மார்மன்களோ முழுக்கியே எடுக்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற அதே மூன்று பெயர்களைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் செல்லாது. வார்த்தைகள் ஒன்றுதான், அவை சுட்டும் பொருள் வேறு என்கிறது ரோம்.

பொருள் வேறுதான். 1844 ஏப்ரல் 7ல், கொல்லப்படுவதற்கு மூன்று மாதத்துக்கும் குறைவான நாட்களே இருந்தபோது, நாவூவில் ஜோசப் ஸ்மித் செய்த பிரசங்கத்தில், கடவுள் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற மனிதராக இருந்து உயர்ந்தவர். பிதாவுக்குச் சதையும் எலும்பும் உண்டு என்று முந்திய வருஷமே போதித்திருந்தார். மூவரும் தனித்தனி ஆட்கள், ஒன்றாயிருப்பது நோக்கத்தில். 325ல் நைசியாவில் கூடியவர்கள் ‘ஒரே சாரம்’ என்று எதைச் சொன்னார்களோ அது இங்கே இல்லை.

மார்மன்களின் மறுப்பும் லேசானதல்ல. அந்தச் சொல் வேதத்தில் இல்லை, கிரேக்கத் தத்துவத்தில் இரவல் வாங்கியது என்கிறார்கள். வாஸ்தவம். பிதாவுக்கு அடுத்த ஸ்தானத்தில் குமாரனை வைத்த இரண்டாம் நூற்றாண்டு ஜஸ்டின், நைசியாவின் தராசில் நின்றிருந்தால் தேறியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால், ஆதிச்சபைக்குத்தான் திரும்பினோம் என்பதை நான் ஏற்கத் தயாரில்லை. கடவுள் மனிதனாயிருந்து உயர்ந்தார் என்று அந்த நூற்றாண்டுகளின் சபைப் பிதாக்களில் யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை.

யூத மதத்திலிருந்து கிறிஸ்தவம் பிறந்ததுபோல இது கிறிஸ்தவத்திலிருந்து பிறந்த புதிய மரபு என்று ஜான் ஷிப்ஸ் என்ற அம்மையார் 1985ல் எழுதினார். அவர் மார்மன் அல்ல. வந்தவற்றில் உருப்படியான யோசனை இதுதான். ஆனால் கிறிஸ்தவர்கள் நாளடைவில் தங்களை யூதர்கள் என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டார்கள். இவர்கள் தாய்வீட்டுப் பெயரை விடுவதாயில்லை. 1982ல் மார்மன் புத்தகத்துக்கு இயேசு கிறிஸ்துவின் இன்னொரு ஏற்பாடு என்று உபதலைப்பு சேர்த்தார்கள். 2018ல் சபைத் தலைவர், மார்மன் என்ற பெயரே வேண்டாம், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

ரோமின் முடிவு கர்வம் என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதிகாரம் பூமியிலிருந்தே எடுபட்டுப்போய், 1829ல் ஸஸ்குவஹானா ஆற்றங்கரையில் யோவான் ஸ்நானகன் நேரில் வந்து திருப்பிக் கொடுத்தார் என்பது இவர்கள் நம்பிக்கை. ஆகவே ஒரு கத்தோலிக்கர் மார்மனாகும்போது அவர்களும் அவரை மறுபடி முழுக்குகிறார்கள். 1830லிருந்தே.