இலங்கைச் சீகாரப் பூங்குருவி

இலங்கையின் மலைநாட்டுக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இது. அறிவியல் பெயர் மையோஃபோனஸ் பிளைஜி. பறவை நோக்குவோர் சுருக்கமாக ‘அரெங்கா’ என்பார்கள். கொடைக்கானல், நீலகிரி ஓடைக்கரைகளில் விடியற்காலையில் சிறுவன் சீட்டியடிப்பதுபோல் பாடும் சீகாரப் பூங்குருவிக்கு இது உறவு. ஆனால் அந்த இசைப்பு இதனிடம் இல்லை. ஓடை இரைச்சலையும் மீறிக் கேட்கும் கீச்சென்ற கூரிய விசில்தான் பெரும்பாலும் இதன் குரல்.

நீளம் சுமார் 20 செ.மீ. தன் பேரினத்திலேயே மிகச் சிறியது. ஆணின் தலையிலும் மார்பிலும் கருநீலப் பளபளப்பு, தோளில் பளீரென்ற நீலத் திட்டு. பெண் பழுப்பு என்றாலும் தோளில் அந்த நீலம் உண்டு. மேகம் தவழும் காட்டில், நீர் வேகமாக ஓடும் பாறைச் சந்துகளில் பூச்சி, தவளை, பல்லி பிடித்துத் தின்னும். வெளியே தலைகாட்டுவது விடியலிலும் அந்தியிலும்தான்.

1872இல் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஹோல்ட்ஸ்வொர்த். பெயரில் நிலைத்தவரோ சாமுவேல் பிளை என்ற காப்பித் தோட்டக்காரர். பொருத்தம் விசித்திரமானதுதான்: இதன் காடுகளைப் பெருமளவில் விழுங்கியதே காப்பி. தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட கூலித் தொழிலாளர்களின் கைகளால் மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை ஒழித்தபோதும் காடு திரும்பவில்லை. அந்த நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

எஞ்சியதற்கு ஒரு காரணம் உண்டு. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று 1873இல் ஆணை பிறந்தது. ஹோர்ட்டன் சமவெளி தப்பியது அதனால்தான். அது 1988இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபிடமும் ஆனது. மூன்றிலும் இந்தப் பறவை உண்டு.

சமவெளியில் ‘அரெங்கா குளம்’ என்றே பெயர் பெற்ற சிறு நீர்நிலை இருக்கிறது; வெளிநாட்டுப் பயணிகள் இருட்டோடு எழுந்து அங்கே போய்க் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஐயூசிஎன் பட்டியலில் இது அருகிவரும் இனம். ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. நக்கிள்ஸ் காட்டில் ஏலக்காய்க்காகக் கீழ்த்தளச் செடிகள் அகற்றப்பட்டன. பறவை ஒளிந்து வாழ்வதோ அந்தப் புதர்களில். சுற்றுப்புறக் காய்கறித் தோட்டங்களில் அடிக்கும் மருந்து, மழையோடு ஓடையில் இறங்குகிறது.