ஒரே விவரம், இரண்டு பதிவேடு

போன மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். சாஃப்ட்வேர் வேலை. லீவிலும் மடிக்கணினியை மூடவில்லை. "அப்படி என்னம்மா தலைவலி?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கத்துல மாத்தினது இன்னொரு பக்கத்துல தெரிய மாட்டேங்குது தாத்தா. ஒரே ஆப்புக்குள்ள டேட்டாவை எப்படிப் பகிர்றதுங்கறதுதான் எங்களுக்குப் பாதி வேலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே தலைவலியோடுதான் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டினேன், பெரும்பகுதி கம்ப்யூட்டரே இல்லாமல். அவளிடம் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன்.

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஒர்தினத்தேர்' என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் யோசித்துக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துகிறவன் என்று அர்த்தம். பெயரில் இருந்த ஒழுங்கு உள்ளே வர வெகுகாலம் பிடித்திருக்கிறது.

1957-இல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே வந்த இரண்டாம் பதிப்பில் பெரிய புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வழி செய்தார்கள். ஒரு துண்டிலிருக்கும் எண் இன்னொரு துண்டுக்கு எப்படிப் போகும்? அதற்கு 'காமன்' என்று ஒரு ஏற்பாடு. நடு ஹாலில் வரிசையாக மரப்பெட்டி அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். அறைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, வரிசைதான் கணக்கு. ஒரு துண்டு முதல் அறையை நீளம் என்றும் இரண்டாவதை எடை என்றும் எழுதியிருக்கும். இன்னொன்றை எழுதியவர் வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் நீளம் எடையாகிவிடும். இயந்திரம் ஒரு வார்த்தை சொல்லாது. விடை மட்டும் தப்பாக வரும். யார் கை வைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

1972 டிசம்பரில் டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்புகளிலிருந்து அகரவரிசை அட்டவணை தயாரிக்கும் ஒரு சின்ன புரோகிராமை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதத்தில், விவரத்தை வைத்திருக்கும் முறையை மாற்றினால் கிட்டத்தட்ட எல்லாத் துண்டுகளையும் திருத்த வேண்டும். இரண்டாவதில் ஒரு துண்டைத் திருத்தினால் போதும். மற்றவை வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ளும். அடுத்த வருஷம் வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும், எல்லோர் கையும் படுகிற பொது விவரமே தீங்கு என்று எழுதினார்கள்.

பிறகு திரையில் சன்னல்கள் வந்தன. நார்வேயில் கப்பல் கட்டும் தளங்களுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்த ட்ரிக்வே ரீன்ஸ்காக் 1978-79-இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். ஒரே விவரத்தை ஒரு சன்னலில் அட்டவணையாகவும் இன்னொன்றில் படமாகவும் பார்க்கலாம் என்று வந்தபோது, ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாற வேண்டுமே! அவர் வேலையைப் பிரித்தார்: விவரத்தை வைத்திருப்பது மாடல், காட்டுவது வியூ, பயனரின் கட்டளையை வாங்குவது கன்ட்ரோலர். பேத்தி தலைமுறையும் இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறது.

ஆனாலும் வியாதி தீரவில்லை. ஃபேஸ்புக்கில் மேலே சிவப்பில் '1' என்று காட்டும்; புதுச் செய்தி என்று திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சரிசெய்வார்கள், கொஞ்ச நாளில் திரும்ப வரும். படித்தாயிற்றா இல்லையா என்ற ஒரே விவரத்தைப் பக்கத்தின் பல பகுதிகள் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று திருத்திக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இதைப் படித்தபோது பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தம் மனைவியின் பெயரைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தார். பணிப் பதிவேட்டில் நானே சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்து வாங்கினேன். வேறு பிரிவில் இருந்த நியமனப் படிவத்துக்கு அதை எழுதி அனுப்ப மறந்துபோனேன். இரண்டு வருஷம் கழித்து அவர் காலமானார். இரண்டு தாளில் இரண்டு பெயர். குடும்ப ஓய்வூதியம் ஒன்பது மாதம் நின்றது. அந்த அம்மாள் ஒவ்வொரு முறை வந்தபோதும் என் மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில்தான் உட்காருவார். தவறு யாருடையது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

2014-இல் ஃபேஸ்புக்காரர்கள் தங்கள் மாநாட்டில் 'ஃபிளக்ஸ்' என்ற முறையைச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் அவர்களே வெளியிட்ட ரியாக்ட்டோடு சேர்ந்து ஓடுவது. திரையின் எந்தப் பகுதியும் விவரத்தைத் தானாகத் திருத்தக்கூடாது. என்ன நடந்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அது டிஸ்பாட்சர் வழியாக ஸ்டோருக்குப் போகும். அங்கே மட்டும்தான் திருத்தம். பிறகு எல்லாப் பகுதிகளும் அதைப் பார்த்துத் தங்களை மாற்றிக்கொள்ளும். எப்போதும் ஒரே திசை. தபால் பிரிவு, வரவு எண், உரிய பதிவேடு... நான் சிரித்துவிட்டேன். "நாங்க செஞ்சதுதாம்மா இது."

2015 ஜூலையில் பாரிஸில் டான் அப்ரமோவ் 'ரிடக்ஸ்' என்பதைக் காட்டினார். ஆப் முழுவதற்கும் ஒரே ஸ்டோர். அதிலும் பழையதைச் சுரண்டி எழுதுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய நிலை ஒன்று உருவாகும். அதனால் ஒவ்வொரு படியாகப் பின்னால் போய், எந்தச் சீட்டில் தப்பு நுழைந்தது என்று பார்க்க முடியும். கணக்கில் பிளேடால் சுரண்டக்கூடாது, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும் என்று எங்கள் தணிக்கைக்காரர்கள் கத்தியது இதற்குத்தான்.

சின்ன விஷயத்துக்கும் இத்தனை சீட்டா என்று புரோகிராமர்களுக்கு அலுப்பு வந்திருக்கிறது. அடுத்த வருஷமே அப்ரமோவ், ரிடக்ஸ் எல்லோருக்கும் வேண்டியதில்லை என்று எழுதினார். இப்படித் தாமே முன்வந்து சொன்ன மேலதிகாரி எனக்கு வாய்த்ததில்லை.

அன்றிரவு ஒரு மணி சுமாருக்குப் பேத்தியின் அறையில் விளக்கு அணைந்தது. காலையில் காப்பி குடிக்கும்போது கேட்டேன். வாடிக்கையாளர் முகவரி இரண்டு இடத்தில் இருந்ததாம், ஒன்றை எடுத்துவிட்டாளாம்.