வீட்டு ஒளிநாடாக்களும் இணையத்தில் அவற்றின் படத்தரமும்

வீட்டு வீடியோ என்பது ஒரு குடும்பம் தன் வீட்டு நிகழ்ச்சிகளைத் தானாகவோ, ஒளிப்பதிவாளர் ஒருவரைக் கொண்டோ பதிந்து வைத்துக்கொள்ளும் அசையும் படமாகும். 1980களிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை இவை பெரும்பாலும் காந்த நாடாவில் பதியப்பட்டன. 2005க்குப் பின் இவற்றுள் பல இணையத்தில் ஏற்றப்பட்டன. அப்படி ஏறிய திருமண, பூப்புனித நீராட்டு, பிறந்தநாள் படங்கள் மங்கலாகவும், அசைவுகள் வெட்டி வெட்டியும் தெரிகின்றன. நாடா பழையது, அதனால் படமும் அப்படித்தான் இருக்கும் என்று பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மங்கலில் ஒரு பங்கு நாடாவுடையது. மறு பங்கு நாடாவிலிருந்து இணையத்துக்கு வந்த வழியில் சேர்ந்தது. முதல் பங்கை நம்மால் மாற்ற முடியாது. இரண்டாவதைத் தவிர்க்கலாம், மூல நாடா இன்னும் கையில் இருந்தால்.

நாடாவில் இருந்தது என்ன?

சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையையும் அறிமுகப்படுத்தின. படக்கருவியும் பதிவுக்கருவியும் ஒரே உடலில் அமைந்த பீட்டாமூவி 1983இல் வந்தது. அதற்குப் பதியத்தான் தெரியும். பதிந்ததைப் போட்டுக் காட்டத் தெரியாது. வீடியோ 8 (1985), ஹை 8 (1989), எண்முறையில் பதியும் மினி டிவி (1995) ஆகியவை பின்னர் வந்தன.

வி.எச்.எஸ். நாடாவின் நுணுக்கம் குறைவு. படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 240 கோடுகளை மட்டுமே அதனால் பிரித்துக் காட்ட முடியும். ஆனால் அதில் வேறொரு செல்வம் இருந்தது, அது காலம். இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகளில் வழங்கிய ‘பால்’ தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றில் 576 வரிகள் படத்தைத் தாங்குபவை. நொடிக்கு 25 படங்கள் என்பது கணக்கு. எனினும் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகவே வரும். முதலில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். திரை சிமிட்டாமல் இருக்க வேண்டும், அலைவரிசையும் இரட்டிப்பாகக் கூடாது என்பதற்காக 1930களின் தொலைக்காட்சிப் பொறியாளர்கள் கண்ட வழி இது. இதைப் பின்னல் முறை என்று சொல்லலாம்.

இந்த இரண்டு பாதிகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. படக்கருவி அவற்றை வெவ்வேறு கணங்களில் எடுத்தது. ஆகவே நாடாவில் நொடிக்கு 25 கணங்கள் அல்ல, 50 கணங்கள் இருக்கின்றன. மாலை மாற்றும் கை, முற்றத்தில் ஓடும் குழந்தை, தவில் அடிப்பவரின் மணிக்கட்டு எல்லாம் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் வழுக்கிக்கொண்டு சென்றது இதனால்தான். இணையத்தில் அந்த வழுக்கல் இல்லை.

முதல் இழப்பு: வட்டும் நாடு மாற்றமும்

இணையம் வருமுன்பே இழப்பு தொடங்கிவிட்டது. 1993இல் வரையறுக்கப்பட்ட வீடியோ சி.டி., ‘பால்’ நாடுகளுக்கு 352 புள்ளி அகலமும் 288 வரி உயரமும் நொடிக்கு 25 படங்களும் கொண்டது. 288 என்பது 576இல் சரிபாதி. நாடாவிலிருந்து வட்டுக்கு மாற்றியபோது பொதுவாக இரண்டு பாதிகளில் ஒன்று அப்படியே விடப்பட்டது. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் கல்யாணக் கேசட்டை வட்டாக மாற்றிக்கொண்ட காலம் அது. “சி.டி.யில் போட்டாச்சு, இனி கேசட் எதற்கு” என்று நாடாவை எறிந்தவர்கள் படத்தின் வரிகளில் பாதியையும், கணங்களில் பாதியையும் சேர்த்தே எறிந்தார்கள்.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் நாடாக்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கனடாவில் வழங்கியது 525 வரிகளும் நொடிக்கு ஏறத்தாழ 60 பாதிகளும் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை, பிரான்சில் செகாம் முறை. யாழ்ப்பாணத்தில் எடுத்த நாடா டொரன்டோவின் சாதாரணக் கருவியில் ஓடாது. முறை மாற்றிப் படியெடுக்க வேண்டும். 50ஐ 60ஆக்கும்போது அடுத்தடுத்த கணங்கள் கலக்கப்பட்டால், அசையும் கையின் ஓரத்தில் ஆவி போல இன்னொரு கை தெரியும். அப்படிக் கலந்ததை முழுமையாகப் பிரித்தெடுப்பது அரிது. ஒரே திருமணத்தின் படிகள் மூன்று நாடுகளில் இருந்தால், எந்த நாட்டில் முதலில் பதியப்பட்டதோ அந்த நாட்டின் மூலப் படியையே தேடிப் பிடிக்க வேண்டும். கனடாவில் இருப்பது துடைத்து வைத்த அழகான உறையில் இருக்கலாம். ஆனாலும் ஊரில் அலமாரியில் கிடப்பதே நல்ல படம்.

2005: சிறிய சன்னல்

சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகியோர் 2005 பிப்ரவரியில் யூடியூபைத் தொடங்கினர். அதன் முதல் படம் 2005 ஏப்ரல் 23 அன்று ஏறியது: சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன் கரீம் நின்று பேசும் 19 நொடிகள். அதுவும் ஒரு வீட்டு வீடியோ போன்றதுதான். அன்று எதை ஏற்றினாலும் தளம் அதை ஃபிளாஷ் வடிவில் 320 புள்ளி அகலமும் 240 வரி உயரமுமாகச் சுருக்கியே காட்டியது. கோப்பின் அளவுக்கு 100 மெகாபைட் வரம்பு இருந்தது. 2006 மார்ச்சில் பத்து நிமிட வரம்பும் சேர்ந்தது. மினி டிவி நாடாவின் பத்து நிமிடம் கணினியில் இரண்டு கிகாபைட்டுக்கு மேல் வரும். அதை இருபதில் ஒரு பங்காக நசுக்கித்தான் ஏற்ற முடியும். ஏறியபின் தளம் இன்னொரு முறை நசுக்கும்.

ஆயினும் அன்றைய மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர். காரணம் எளிது. தம்பி தன் விரலைக் கடித்துவிட்டான் என்று சிறுவன் ஒருவன் சொல்லும் புகழ்பெற்ற படம் 2007இல் ஏறியது, கடல்கடந்து இருந்த ஒரு குடும்ப நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குக் கோப்பு பெரிதாக இருந்ததால்தான். போய்ச் சேர வேண்டும் என்பதே முதல் கவலை. தரம் பிறகு.

வரிகள் விரைவில் பெருகின. 2007 அக்டோபரில் விமியோ 720 வரிப் படத்தைத் தந்தது. 2008இல் யூடியூப் முகவரியின் இறுதியில் 18 என்ற எண் கொண்ட ஒரு குறிப்பைச் சேர்த்தால் படம் தெளிவாகும் என்னும் உத்தி பயனர்களிடையே பரவியது. அந்த ஆண்டின் இறுதியில் 720 வரியும், 2009 நவம்பரில் 1080 வரியும், 2010இல் அதற்கு மேலும் வந்தன. ஆனால் இவை எல்லாமே நொடிக்கு 30 படங்களுக்கு மேற்படாதவை. நொடிக்கு 60 படம் வரையிலான வசதியை யூடியூப் 2014இல்தான் தந்தது. ஒன்பது ஆண்டுகள் நாடாவின் 50 கணங்களுக்கு அங்கே இடமே இல்லை!

அந்த வசதியிலும் ஒரு நிபந்தனை இருந்தது. 720 வரியும் அதற்கு மேலும் உள்ள படங்களுக்கே அது பொருந்தும். நாடாவில் இருப்பதோ 576 வரிகள். அப்படியே ஏற்றினால் தளம் அதைச் சிறு படமாகக் கருதி அசைவைப் பாதியாக்கிவிடும்.

இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி இன்றும் செல்லும். முதலில் பின்னலைப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக்கி, நொடிக்கு 50 படங்கள் பெற வேண்டும். 2000இல் வெளிவந்த வர்ச்சுவல்டப், அவிசின்த் போன்ற இலவச மென்பொருள்களைச் சுற்றி இக்கலை வளர்ந்தது. எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள யாடிஃப் வடிப்பான் இதைச் செய்யும். பிறகு படத்தை 960க்கு 720 ஆகவோ, 1440க்கு 1080 ஆகவோ பெரிதாக்கி ஏற்ற வேண்டும். பெரிதாக்குவதால் புதிய நுணுக்கம் எதுவும் பிறக்காது. பெரிய படத்துக்குத் தளம் தாராளமாக இடம் ஒதுக்குகிறது, 50 படங்களையும் காக்கிறது, ஆதாயம் அதுதான். பின்னலைப் பிரிக்காமல் பெரிதாக்கினால் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் முகத்தில் நிரந்தரமாகப் படிந்துவிடும். பக்கங்களில் கறுப்புப் பட்டை ஒட்டுவதும், அகலத் திரையை நிரப்பப் படத்தை இழுப்பதும் வேண்டாம். மணமகள் பருத்துத் தெரிவதைத் தவிரப் பலன் இல்லை.

நாடாவின் இரைச்சலும் ஒரு பகை. படம் முழுக்கத் துடிக்கும் பொடிப்பொடிப் புள்ளிகளைச் சுருக்கும் மென்பொருள் அசைவு என்று நினைத்து, முகத்துக்குச் செல்ல வேண்டிய இடத்தை அவற்றுக்குக் கொடுக்கிறது. ஏற்றுமுன் சிறிதளவு இரைச்சல் நீக்கினால் முகம் தெளியும். அளவு மீறினால் தோல் மெழுகாகும். அண்மைக்காலச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய் இல்லாத நுணுக்கத்தை ஊகித்து வரைகின்றன. பாட்டியின் முகத்தில் யாரோ ஒருவரின் கண்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதை ஏற்றுவது அவரவர் விருப்பம். அதையே மூலமாக வைத்துக்கொள்வது கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை எடுத்து ஏற்றுவது இன்று மிகப் பரவலான தவறு. அது ஏற்கெனவே ஒரு முறை கடுமையாக நசுக்கப்பட்டது.

நாடாவை ஓட்டும் கருவி

காந்த நாடா ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். கடற்கரை ஊர்களின் அலமாரிகள் அதற்கு உகந்தவை அல்ல. ஆனால் நாடாவுக்கு முன்பே கருவி போய்விடுகிறது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசி வரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணகம் 2025ஆம் ஆண்டைக் கெடுவாக வைத்து, அதற்குள் எண்மயமாக்கப்படாத நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்படும் என்று 2015இலேயே எச்சரித்தது.

மினி டிவி நாடாக்களுக்கு ஒரு தனி நன்மை உண்டு. அவற்றில் இருப்பது எண்களே. ஃபயர்வயர் கம்பி வழியாக எடுத்தால் நாடாவில் இருப்பது மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டாக அப்படியே கணினிக்கு வந்துவிடும். மஞ்சள் கம்பி வழியாக எடுத்தால் அதே நாடா வி.எச்.எஸ். போல மங்கிவிடும். ஃபயர்வயர் வாய் இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. பழைய கணினி ஒன்றைத் தேடத்தான் வேண்டும். வி.எச்.எஸ். நாடாவாயின், பெட்டியைத் திறந்து வெண்பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பூஞ்சையுள்ள நாடாவை ஓட்டினால் அது கருவியின் தலையைக் கெடுத்து, அடுத்துப் போடும் நாடாவிலும் தொற்றும்.